வாடைக்காற்று தொடங்கிவிட்டது, கயாக் கழகத்துக்கு இனி என்ன வேலை?

கல்லடிக்காரி

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் சின்னதாக ஒரு கடல் கயாக் (ஒடுங்கின துடுப்புப் படகு) கழகம் நடத்துகிறோம். கழகம் என்றவுடன் பெரிதாக நினைக்க வேண்டாம். உறுப்பினர் ஒருவரின் வளவுக்குள் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சிட்-ஒன்-டொப் ஐந்து, உள்ளே கால் நீட்டி உட்காரும் மூடிய கடல் கயாக் இரண்டு, ஒரு மூட்டை உயிர்காப்பு அங்கி. அவ்வளவுதான். செயலாளர் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

மாசி கடைசியிலிருந்து புரட்டாதி வரை எங்களுக்குப் பிரச்சினை இல்லை. விடியக் கடல் அடங்கிக் கிடக்கும், கச்சான் காற்று எழும்ப முதல் திரும்பி வந்து கல்லடிக் கரையில் பிளேன்டி குடிப்போம். ஐப்பசி நடுவோடு அது முடிந்துவிடும். வானம் கறுக்கும், கடல் இரையும், உறுப்பினர்கள் வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் போடத் தொடங்குவார்கள். பிறகு மாசியில் கொட்டிலைத் திறந்தால் இருக்கை வாரை எலி அரித்திருக்கும், படகுப் பெட்டிக்குள் எறும்பு குடியிருக்கும். ஆட்களும் துடுப்புப் பிடிக்க மறந்திருப்பார்கள்.

பொருளாளர் ஐயா சொல்வது, பூட்டைப் போட்டுவிட்டுத் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்ப்போம் என்று. கம்பஸ் பொடியன்கள் சொல்வது, அலை பெரிதாக இருக்கும்போதுதானே அக்கா பழக வேண்டும் என்று. அவர்களுடைய அம்மாமார் எனக்குத்தான் கோல் எடுக்கிறார்கள்.

கேட்க வந்தது இதுதான். இந்த மாதங்களில் கடல் முழுக்க வேண்டாமா, இல்லை ஒருசில நாள் இறங்கலாமா? வாவியில் ஓடுவது பாதுகாப்பா? அதிகம் காசு செலவழிக்காமல் ஆட்களைப் பிடித்து வைக்க வேறு என்ன செய்யலாம்? தயவுசெய்து "விரிவுரை வையுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். போன வருசம் பவர்பொயின்ட் போட்டோம். வந்தவர்கள் வடையைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இன்னொன்று: 2004 சுனாமி வந்த மார்கழி (டிசம்பர்) 26 அன்று நாங்கள் படகு எடுப்பதில்லை. நாவலடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். அந்த நாளை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

---

வாழைச்சேனை மச்சான்

மாரிக்கு ஏற்ற விளையாட்டு கரம் (கேரம்) தான். பலகை இரண்டு வாங்கிப் போடுங்கள், பொருளாளரும் சந்தோசப்படுவார்.

பகிடி போகட்டும். நான் படகு திருத்துகிறவன், அதனால் என் பக்கத்தைச் சொல்கிறேன். மூடிய கயாக் இரண்டும் பைபரா, பிளாஸ்டிக்கா என்று முதலில் பாருங்கள். பைபர் என்றால் கீறல், வெடிப்பு எல்லாவற்றையும் இந்த மூன்று மாதத்தில் சரிப்படுத்தலாம். ஆனால் மழை பெய்துகொண்டிருக்கிற நாளில் றெசின் பூசாதீர்கள். ஈரத்தில் அது ஒழுங்காக இறுகாது, ஒட்டின பைபர் பாய் பிறகு தோலாக உரிந்து வரும். நன்றாக வெயில் எறிக்கிற நாள் வரும் வரை பொறுத்து, உப்பைக் கழுவி, காயவிட்டு, அரத்தாளால் தேய்த்து, அசிட்டோன் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

சிட்-ஒன்-டொப் எல்லாம் பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். அதில் றெசின் ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் வருசா வருசம் யாராவது பூசிவிட்டு "அண்ணன், கழன்றுபோச்சு" என்று என்னிடம் கொண்டுவருவார்கள். அதைச் சூட்டில் உருக்கித்தான் ஒட்ட வேண்டும், அதே வகைப் பிளாஸ்டிக் கம்பி வைத்து. அனுபவம் இல்லாதவர் கை வைத்தால் ஓட்டை பெரிதாகும்.

கயாக்கைக் குப்புறப் போட்டு, இரண்டு இடத்தில் தாங்கு கொடுத்து, நிலத்தில் முட்டாமல் வையுங்கள். பெட்டி மூடியைக் கழற்றி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. எலிக்கு வாசலில் வலை அடியுங்கள். கொட்டிலுக்கு மேலே தென்னை நின்றால் அதையும் ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள். வாடைக்குத் தேங்காய் விழுந்து மூக்கு உடைந்த படகுகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன.

பிறகு, பாசிக்குடாப் பக்கம் விடுதிகளுக்குக் கார்த்திகையிலிருந்து ஆள் வரத்து குறைவு. நீச்சல் தடாகம் சும்மா கிடக்கும். வாரநாளில் ஒரு மணித்தியாலம் கேட்டுப் பாருங்கள். படகைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோக வேண்டும், மண் விழுந்தால் அடுத்த கிழமை விடமாட்டார்கள்.

---

முகத்துவாரத்தான்

தங்கச்சி, முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் கல்லடிக் கடலில் கயாக் இறக்க வேண்டாம். தோணிக்காரர் தோணியைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிட்டு வலை பொத்திக்கொண்டிருக்கிற காலம் இது. அவர்கள் பயந்தவர்கள் இல்லை.

பொடியன்களுக்குக் காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் கேட்கமாட்டார்கள், அதனால் காரணத்தைச் சொல்கிறேன். கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அதில் உள்ள பயம், வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும் என்பது. வாடை அதற்கு மறுபக்கம், கரைக்குத்தான் தள்ளும். கேட்க நல்லதாக இருக்கும், ஆனால் வாடையில் ஆபத்து இருப்பதே கரையில்தான். மாரியில் எங்கள் கரை சரிவாகிவிடும். அலை தூரத்தில் உடைந்து நுரையாகப் பரவி வராது, காலடிக்கு வந்து ஒரேயடியாகக் குத்தி விழும். அதற்குள் படகோடு அகப்பட்டால் தோள் மூட்டுக் கழரும், கழுத்து முறியும். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் அதுதான் கதி.

அறுகம்பையைக் காட்டிக் கேட்பார்கள், "அங்கே விளையாடுகிறார்கள்தானே" என்று. அங்கே சித்திரையிலிருந்து ஐப்பசி வரை வருவது தெற்கே வெகு தூரத்தில் பிறந்து வருகிற அலை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்கும், வரிசையாக வரும். மாரியில் எங்களுக்கு வருவது வங்காள விரிகுடாவில் காற்று பக்கத்திலேயே கிளப்பிவிடுகிற அலை. கிட்டக் கிட்ட வரும், முறையில்லாமல் வரும். ஒன்று அடித்து நிமிர முதல் அடுத்தது தலையில் நிற்கும். அதில் பழக ஒன்றும் இல்லை.

முகத்துவாரம், வாவி கடலோடு சேருகிற வாய். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கத்து ஆள். வெள்ளம் கூடினால் பாலமீன்மடுவில் மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்கு விடுவார்கள். வெட்டியாச்சு என்று கேள்விப்பட்டால் வெளிச்சவீட்டுப் பக்கம் படகோடு தலைகாட்டக் கூடாது. உள்ளேயிருந்து மண்ணிறத் தண்ணீர் முழு வேகத்தில் வெளியே பாயும், வெளியேயிருந்து வாடை அலை உள்ளே ஏறும். இரண்டும் முட்டுகிற இடத்தில் அலை நகராது, நின்ற இடத்திலேயே எழும்பி எழும்பி விழும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அது சின்னதாகத் தெரியும். உட்கார்ந்திருப்பவனுக்குத் தலைக்கு மேலே. அதற்குள் கவிழ்ந்தவனை நீரோட்டம் கடலுக்குத்தான் கொண்டுபோகும், வாடை அவனைத் திருப்பி அனுப்பும் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, வாவி. வாவியில் ஓடலாம், ஆனால் நாள் பார்த்து, இடம் பார்த்து. 56 கிலோமீற்றர் நீளத்தில் கிடக்கிற வாவியில் காற்று மறைவு இல்லாமல் போகாது. வாடை கடல் பக்கமிருந்து வருவதால் எழுவான்கரையை (கடல் பக்கக் கரையை) ஒட்டி ஓடினால் வீடும் தென்னையும் மறைத்துக்கொள்ளும். நடுவுக்குப் போனால், அதைவிட மேற்கே படுவான்கரைப் பக்கம் போனால், குட்டையான செங்குத்து அலை. ஆழம் குறைந்த தண்ணீரில் காற்று எழுப்புகிற அலை அப்படித்தான் இருக்கும், துடுப்பை வைக்க இடம் தராது. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து சேர்க்கும்.

உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்த செய்தி வந்தால் வாவியிலும் இறங்காதீர்கள். தண்ணீர் ஏறும், மரக்கட்டை வரும், ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) தீவு தீவாக மிதந்து வரும். ஆற்றுவாழைக்குள் மூக்கைச் செருகின கயாக்கை முன்னுக்கும் எடுக்க முடியாது, பின்னுக்கும் எடுக்க முடியாது. கல்லடிப் பாலத்துத் தூண்களை விட்டு விலகி ஓடுங்கள். பழைய பாலம், புதுப் பாலம் இரண்டுக்கும் தூண் இருக்கிறது. நீரோட்டத்தில் படகு குறுக்காகத் தூணில் சாய்ந்தால் தண்ணீர் அதை அப்படியே அமுக்கிப் பிடித்துவிடும். அப்படிச் சாய்கிற நிலை வந்தால் உடம்பைத் தூண் பக்கம் சாய்க்க வேண்டும். எல்லோரும் பயத்தில் மறுபக்கம் சாய்ந்துதான் கவிழ்கிறார்கள். முதலை உண்டு, வெள்ளத்துக்கு இடம் மாறும். கண்ணா (அலையாத்தி) மரக்கரையில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படம் எடுக்க வேண்டாம்.

வலை பற்றி ஒரு வார்த்தை. மாரியில் கடலுக்குப் போக முடியாதவர்களும் வாவியில்தான் வலை வைக்கிறார்கள். மிதப்புக் கட்டை வரிசையைக் கண்டால் சுற்றிப் போங்கள். வலையைக் கிழித்துவிட்டு "தெரியாமல் நடந்தது" என்று சொன்னால் அடுத்த முறை அந்தத் துறையில் உங்களை இறங்க விடமாட்டார்கள், அது நியாயம்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி. இடி காதில் விழுந்தால் கரைக்கு வாருங்கள், கடைசி இடி கேட்டு அரை மணித்தியாலம் கழிந்த பிறகுதான் திரும்ப இறங்கலாம். அதனால் காலையில் ஓடி முடியுங்கள். காலையில் போனால் இன்னொரு லாபம், மீசை ஆலாக்கள் வந்து நிற்கும் காலம் இது. தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே பறந்து பறந்து குனியும், பார்க்க அலுக்காது. பாடும் மீனைக் கேட்கப் போவோம் என்று யாராவது யோசனை சொன்னால் சித்திரைக்குத் தள்ளிவையுங்கள், வெள்ளத் தண்ணீரில் ஒன்றும் கேட்காது.

இப்போது மூன்றாம் கேள்வி. உங்கள் ஆட்களில் எத்தனை பேருக்குக் கவிழ்ந்த பிறகு ஆழத்தில் திரும்ப ஏறத் தெரியும்? உண்மையைச் சொல்லுங்கள்.

---

கல்லடிக்காரி

சிட்-ஒன்-டொப்பில் எல்லோரும் ஏறுவார்கள் அண்ணன். மூடிய கயாக்கில் இரண்டு பேர். நான் அதில் இல்லை. பொடியன்கள் யூடியூப் பார்த்து எஸ்கிமோ ரோல், அதுதான் கவிழ்ந்த கயாக்கை உள்ளே இருந்தபடியே நிமிர்த்துவது, பழக வேண்டும் என்று நிற்கிறார்கள்.

---

பேர்கன் தம்பி

அக்கா, நான் மட்டக்களப்பான்தான், இப்போது நோர்வேயில். இங்கே ஒரு கயாக் கழகத்தில் இருக்கிறேன். இங்கத்தைய மாரிக்கு எதிரி அலை இல்லை, குளிர். தையில் கடல் தண்ணீர் பத்துப் பாகைக்கும் கீழே, மார்கழியில் பின்னேரம் மூன்றரைக்குச் சூரியன் போய்விடும். புதிதாகச் சேர்பவருக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே ஒன்று, பத்து, ஒன்று என்ற கணக்குத்தான். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சை அடக்கிக்கொள்ள ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணித்தியாலம் அளவில். அதனால் தண்ணீர் புகாத முழு உடுப்புப் போடாமல் ஒருவரும் இறங்குவதில்லை. உங்களுக்கு அந்தச் செலவு இல்லை, மார்கழியிலும் எங்கள் கடல் சூடு.

இங்கே குளிர்காலம் முழுக்க இரவில் உள்ளகத் தடாகத்துக்குள் கயாக்கைக் கொண்டுபோய் உருட்டுவோம். ரோல் அங்கேதான் பழகுவது. அதோடு வரைபட இரவு ஒன்று உண்டு. மேசையில் வரைபடத்தை விரித்துக் கோடை காலத்துப் பயணத்தை இப்போதே போடுவோம்: எங்கே இறங்குவது, எங்கே ஒதுங்கலாம், எந்தக் காற்றுக்கு எந்த முனை கூடாது என்று. சண்டை பிடித்துப் பிடித்துத்தான் திட்டம் வரும், அதனாலேயே ஆட்கள் தவறாமல் வருவார்கள். நீங்கள் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாளை எடுத்து மண்டூர்த் துறையிலிருந்து கல்லடி வரை ஒரு பயணம் போட்டுப் பாருங்கள். குருமண்வெளி, அம்பிளாந்துறை, மண்முனைப் பாலம், வழியில் எங்கே சாப்பாடு என்பது உட்பட. அது விரிவுரை இல்லைத்தானே.

ரோல் பற்றி: நல்ல விசயம், ஆனால் நாங்களும் அதை இரண்டாவதாகத்தான் வைக்கிறோம்.

---

முகத்துவாரத்தான்

தம்பி சொன்னது சரி. ரோல் வந்தால் வரட்டும். முதலில் மூன்று வேலை, இந்த ஒழுங்கில்.

கவிழ்ந்ததும் வெளியே வருவது. இடுப்பில் போடுகிற மறைப்புத் துணியின் முன் வாரை இழுத்து, கை இரண்டையும் இடுப்புப் பக்கம் ஊன்றி, குட்டிக்கரணம் அடிக்கிற மாதிரி முன்னுக்கு வளைந்து கழர வேண்டும். நெஞ்சளவு தண்ணீர் போதும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அடியில் போத்தல் ஓடு இல்லையா என்று முதலில் காலால் துழாவுங்கள். வார் துணிக்குள் மடிந்து போகாமல் வெளியே கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கூட்டாளியை ஏற்றுவது. விழுந்தவர் தன் படகை விடக்கூடாது, துடுப்பையும். ஏற்ற வருபவர் தன் கயாக்கைக் குறுக்காகக் கொண்டுவந்து, கவிழ்ந்த படகின் மூக்கைப் பிடித்துத் தன் மடிக்கு முன்னால் மேலே இழுக்க வேண்டும். குப்புறக் கிடந்தபடியே இழுக்க, உள்ளே இருக்கிற தண்ணீர் தானாக வடியும். வடிந்ததும் நிமிர்த்தி, இரண்டு படகையும் பக்கம் பக்கமாக, ஒன்றின் மூக்கு மற்றதன் வாலைப் பார்க்கிற மாதிரிச் சேர்க்க வேண்டும். ஏற்றுகிறவர் வெறும் படகின் வாய் விளிம்பைக் கட்டிப்பிடித்து முழுப் பாரத்தையும் அதில் சாய்க்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் பிழை விடுவது. விரல் நுனியால் பிடித்தால் விழுந்தவர் ஏறும்போது இரண்டு பேரும் போய்விடுவீர்கள். விழுந்தவர் காலை நன்றாக அடித்து உடம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, பின் தட்டில் வயிறு படுத்து, காலை உள்ளே விட்டு, பிறகுதான் திரும்பி உட்கார வேண்டும். கையால் தூக்கி ஏறப் பார்த்தால் களைப்புத்தான் மிச்சம்.

மூன்றாவது, களைத்தவரைக் கயிறு போட்டு இழுத்து வருவது. முடிச்சை இழுத்தவுடன் கழர்கிற மாதிரிப் போடத் தெரிய வேண்டும்.

இதை எல்லோரும் இரண்டு பக்கமும் செய்யட்டும், விழுகிறவராகவும் ஏற்றுகிறவராகவும். முதலில் காற்று மறைவில், பிறகு கொஞ்சம் அலை உள்ள இடத்தில். அலையில் செய்யும்போது பொடியன்களுக்குக் கடல் ஆசையும் தீரும்.

வானிலை அறிக்கையை ஆளுக்கொரு கிழமை வாசித்துக் குழுவில் போடச் சொல்லுங்கள். கடற் பகுதிக்கென்று தனியாகக் காற்றின் திசை, வேகம், அலை எல்லாம் திணைக்களம் தினமும் தருகிறது. போட்டவர் காலையில் கரைக்கு வந்து, சொன்னது சரியா என்று பார்த்து எழுத வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னும் 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்ட வலைக்காரர் இருக்கிறார்கள். வலை பொத்துகிற இடத்துக்குப் பிளேன்டியோடு போய் உட்காருங்கள், மேகத்தைப் பார்த்து அவர்கள் சொல்வதை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

---

ஏறாவூர்த் தாதி

நடுவில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். காலில் வெட்டு, புண், சேற்றுப்புண் இருப்பவர் அந்தக் கிழமை இறங்க வேண்டாம். தண்ணீரில் இருந்து வந்தவுடன் சோப்புப் போட்டுக் குளியுங்கள். முன்கூட்டியே எடுக்கிற குளிசை உங்களுக்குத் தேவையா என்று உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேளுங்கள், கடையில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள்.

இறங்கி ஒன்று, இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோவு, கண் சிவப்பு வந்தால் பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வந்ததும் "ஆற்றுத் தண்ணீரில் நின்றேன்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டெங்குவைத்தான் முதலில் தேடுவோம். குழுவில் அம்புலன்ஸ் 1990 இலக்கம் எல்லோருடைய போனிலும் இருக்கட்டும், வெள்ளம் என்றால் 117.

---

கல்லடிக்காரி

எல்லோருக்கும் பெரிய நன்றி. நேற்றுக் கூட்டம் வைத்தோம். பொருளாளர் ஐயா கரம் பலகைக்கு உடனே சம்மதித்தார், தடாகத்துக்கு இன்னும் இல்லை. படகை லொறியில் கொண்டுபோகிற காசுதான் அவருக்குப் பிரச்சினை. மூடிய கயாக் ஒன்றை மட்டும் கொண்டுபோய் மாறி மாறிப் பழகலாம் என்று சொல்லியிருக்கிறேன். விடுதி ஒன்றில் வந்து பாருங்கள் என்றார்கள்.

பொடியன்களுக்கு முகத்துவாரத்தான் அண்ணன் எழுதினதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பாலத் தூண் கதைக்கு ஒருவன் முகம் மாறினான், ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிறு காலை டச்பார் பக்கம் வாவிக்குள், மழை இல்லாவிட்டால், ஏற்றுகிற பயிற்சி. வரைபடம் நில அளவைத் திணைக்களத்தில் எடுக்க ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார். மண்டூர்ப் பயணத்தில் மதியச் சாப்பாடு எந்தத் துறையில் என்று இப்போதே இரண்டு கட்சி.

ஒரு சந்தேகம். படகுக்குள் மிஞ்சுகிற தண்ணீரை எடுக்கக் கைப்பம்பு எங்களிடம் ஒன்றுதான், அதுவும் அடைக்கிறது. புதிது விலை அதிகம். என்ன செய்யலாம்?

---

வாழைச்சேனை மச்சான்

அடைக்கிற பம்பைக் கழற்றி வோசரைப் பாருங்கள், உப்பில் இறுகியிருக்கும். நன்னீரில் ஊறவைத்துவிட்டுக் கொஞ்சம் சிலிக்கோன் கிறீஸ் பூசினால் பாதிப் பம்பு உயிர் பெறும். சரிவராவிட்டால் ஞாயிறு கொண்டுவாருங்கள், நான் அந்தப் பக்கம் வருகிறேன்.

---

முகத்துவாரத்தான்

அது வரை நாலு லீற்றர் எண்ணெய்க் கானைக் கைபிடியோடு சரிவாக வெட்டி ஒவ்வொரு படகிலும் கட்டிவிடுங்கள், தோணியில் நாங்கள் அதைத்தான் பாவிக்கிறது. நீளக் கயிற்றில் கட்டாதீர்கள், காலில் சுற்றும். ஒரு முழம் போதும். ஞாயிறு ஆறரைக்கு நானும் வருகிறேன், வலை எங்கே விரித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இடத்தைச் சொல்கிறேன், அதுக்கு முதல் படகை இறக்க வேண்டாம்.